பேர்கன் மச்சானின் சம்பளம்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். டொக்டர், என்ஜினியர், கணக்காளர் என்றால் ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும். "ஒரு மாவட்டத்தில் இருக்கிற வீடுகளின் இடைய வருமானத்தை மதிப்பிடுகிறேன்" என்று சொன்னால், கேட்டவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப வரிக் கந்தோரிலையோ?" என்பார். இல்லை என்பேன். "அப்பிடியெண்டால் எங்கடை சம்பளம் எல்லாம் உங்களுக்குத் தெரியும்" என்பார். தெரியாது என்பேன். அதற்குப் பிறகு அவர் என்னை நம்புவதில்லை. மிச்ச நேரம் முழுவதும் தன் வீட்டுக் கடனைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பார்.

இடையம் ஒன்றும் பெரிய வித்தையல்ல. கலியாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்த வீட்டுக்காரர் முன்னுக்கு, கூடியவர் பின்னுக்கு. சரி நடுவில் தட்டோடு நிற்கிறவரின் வருமானம்தான் இடையம். வரிசையின் வாலில் ஒரு கோடீசுவரர் வந்து ஒட்டிக்கொண்டாலும் நடுவில் நிற்கிறவர் அசையமாட்டார். சராசரி அப்படியல்ல, ஒரு பணக்காரர் வந்தால் எல்லோரும் பணக்காரர் ஆகிவிடுவார்கள். ஒஸ்லோவின் மேற்குப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எனக்குச் சராசரியில் நம்பிக்கை இல்லை.

நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோ ஒரு நகரம், அதுவே ஒரு மாவட்டமும். வரிப் பதிவேட்டிலிருந்து சரியான கணக்கு வரும்தான், ஆனால் ஆறிப்போய் வரும். இந்த வருடத்து நிலைமை இந்த வருடமே தெரிய வேண்டும் என்கிறவர்களுக்காக, பழைய பதிவேட்டையும் தொலைபேசியில் சனங்களைக் கேட்டு எடுத்த பதில்களையும் கலந்து நாங்கள் ஒரு மதிப்பீடு போட்டுக் கொடுப்போம். இத்தனை காலமும் முழு மாவட்டத்துக்கும் ஒரே எண்தான். அந்த வருடம் எங்கள் மேலாளர் புதிதாக ஒரு வேலையை ஏற்றுக்கொண்டு வந்தார். மாவட்டத்துக்குள்ளே சில குடியிருப்புகளுக்குத் தனித்தனியாக இடையம் வேண்டுமாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு சின்னப் பிள்ளைகளைக் கட்டணமில்லாமல் வைத்துப் பார்க்கும் திட்டத்தை எந்தக் குடியிருப்பில் தொடர்வது, எங்கே நிறுத்துவது என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப் போகிறார்கள்.

அந்தக் குடியிருப்புகளில் ஒன்று, எங்கள் தமிழ்ச் சனம் நிறைய இருக்கும் பியோர்ண்டால். அங்கேதான் என் தங்கச்சி இருக்கிறாள்.

இதை நான் மேலாளரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். அவர் வடக்கு நோர்வேக்காரப் பெண்மணி, எதற்கும் பதறமாட்டார். கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "உன் சொந்தக்காரர் இல்லாத இடமாகப் பார்த்து வேலை தர வேண்டுமென்றால் உன்னைப் பனிக்கரடிகள் இருக்கிற ஸ்வால்பார்டுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்றார். "சொன்னதைக் குறித்துக்கொள்கிறேன். வேலையைப் பார்."

தங்கச்சிக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டுமே அந்தப் பின்னேரப் பராமரிப்புக்குப் போகிற வயது. அவள் முதியோர் இல்லமொன்றில் உதவியாளராக வேலை செய்துகொண்டு தாதியாக வருவதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடம். வகுப்புகள் மத்தியானத்துக்குப் பிறகுதான். பிள்ளைகள் பாடசாலையிலேயே விளையாடி, பழமும் பாணும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் அவள் படித்தாள். அதற்குக் காசு கட்ட வேண்டி வந்தால் வார இறுதியிலும் வேலைக்குப் போக வேண்டும். வார இறுதியிலும் வேலைக்குப் போனால் படிப்பு அவ்வளவுதான்.

அவள் புருசன்? அவர் பேர்கனில் வேலை செய்கிறார். அதாவது ஊருக்கு நாங்கள் சொன்ன கதை அது. உண்மையில் இரண்டு பேரும் பிரிந்து இரண்டு வருடமாகிவிட்டது. பேர்கன் இந்த மாதிரிக் கதைக்கு மிகவும் வசதியான ஊர். விமானத்தில் போனால் கிட்ட, ரயிலில் போனால் ஒரு பகல். ஏன் அடிக்கடி வருவதில்லை என்றும் யாரும் கேட்க முடியாது, வரவே மாட்டாரா என்றும் கேட்க முடியாது. மச்சானோ ஒஸ்லோவிலேயே, சுரங்க ரயிலில் அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்தார். அவர் எங்கள் கடைத்தெருவான குறொன்லாண்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு நின்றதைக் கண்ணால் கண்டவர்கள்கூட அடுத்த கலியாணவீட்டில் தங்கச்சியிடம், "இவர் பேர்கனாலை எப்ப வாறார்?" என்று விசாரித்தார்கள். எங்கள் சனத்தின் நல்ல குணங்களில் அதையும் ஒன்றாகத்தான் நான் சேர்ப்பேன்.

இனி என் மூளையின் திறமைக்கு வருகிறேன்.

தொலைபேசிக் கணக்கெடுப்பில் பெரிய தலையிடி, சனங்கள் போனை எடுக்காததுதான். தெரியாத இலக்கம் என்றால் எங்கள் ஆட்கள் தொடவே மாட்டார்கள். அந்த வசந்தத்தில் எங்கள் அலுவலகத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்திருந்தார். புள்ளிவிபரத்தில் கெட்டிக்காரி. தமிழில் பேச விரும்புகிற வீடுகளை அவரே தமிழில் அழைத்துக் கேட்டால் என்ன என்று நான் யோசனை சொன்னேன். முன்கூட்டியே ஒரு குறுஞ்செய்தி போகும், மொழியை அவர்களே தெரிவு செய்யலாம். தாய்மொழியில் கேட்டால் மனம்விட்டுச் சொல்வார்கள், தரவு சுத்தமாக இருக்கும் என்று கூட்டத்தில் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு என்னைப் பார்க்கவே பெருமையாக இருந்தது.

சென்னைப் பெண் என்னைச் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். மேலாளரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாட்டில், நீண்ட தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து "சார்!" என்று கத்தினால் எல்லா நோர்வேக்காரரும் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களுக்குள் சின்னச் சின்னச் சண்டைகளும் இருந்தன. நான் இடையம் என்பதை அவர் இடைநிலை என்பார். ஒரு தரவில் அதிக தடவை வருகிற எண்ணை யாழ்ப்பாணத்துக் கணிதப் பாடத்தில் ஆகாரம் என்று படித்தோம் என்று சொன்னபோது அவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். "சாப்பாட்டு ஞாபகமாவே பாடம் எழுதியிருக்காங்க சார்" என்றார். நான் அன்று பின்னேரம் வரை அவரோடு பேசவில்லை.

ஆனால் அழைப்புகள் அமோகமாக நடந்தன. நோர்வே மொழியில் கேட்டவர்களுக்குப் பாதி வீடுகள்கூடப் பதில் சொல்லவில்லை. தமிழில் கேட்ட வீடுகள் போனை வைக்கவே விடவில்லை. "சார், ஒரு ஆன்ட்டி என்னை லஞ்சுக்கு வரச் சொல்றாங்க. இன்னொருத்தங்க கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்கறாங்க. டேட்டா சூப்பரா வருது" என்று அவர் குதூகலித்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

முடிவு வந்தது. மாவட்டத்தின் எண் எதிர்பார்த்த இடத்திலேயே இருந்தது. ஆனால் பியோர்ண்டால் துள்ளி எழும்பியிருந்தது. அந்த வீடுகளின் இடைய வருமானம் போன வருடப் பதிவேட்டைவிட அப்படி ஏறியிருந்தது. கவனமான ஆள் என்றால் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருப்பான். நான் சந்தேகப்படவில்லை, சந்தோசப்பட்டேன். எங்கள் சனம் முன்னேறிவிட்டது! சூட்கேசோடு வந்து இறங்கி, தட்டுக் கழுவி, நிலம் துடைத்து, இன்றைக்கு இந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள் என்று எனக்குள் ஒரு மேடைப்பேச்சே ஓடியது. குறொன்லாண்டில் மரக்கறிக் கடைக்காரரிடம்கூட, எண் எதையும் சொல்லாமல், "எங்கடை ஆக்கள் நல்லாய் வந்திட்டினம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்து, வெண்டிக்காயை நிறுத்துத் தந்தார்.

முதல் வரைவு போகவேண்டிய இடத்துக்குப் போனது. கொஞ்ச நாளில் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, உங்களுக்கு விசயம் தெரியுமே? இஞ்சை பிள்ளையளின்ரை பின்னேர இலவசத்தை நிப்பாட்டப் போகினமாம். பள்ளிக்கூடக் கூட்டத்திலை சொன்னவை. எங்கடை இடத்திலை எல்லாரும் பணக்காரராய்ப் போச்சினமாம்!"

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"எந்த விசரன் இந்தக் கணக்கைப் போட்டவன் எண்டு தெரியேல்லை," என்று அவள் தொடர்ந்தாள். "கையிலை கிடைச்சானெண்டால் நான் ஒருநாள் செய்யிற வேலையை அவனைச் செய்யச் சொல்லுவன். இஞ்சை ஆரண்ணா பணக்காரர்? மேல்வீட்டு அக்காவோ? கீழ்வீட்டு ஆப்கானியோ?"

"தங்கச்சி," என்றேன், "அந்த விசரன் நான்தான்."

பிறகு அவள் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அண்ணா என்ற மரியாதை ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் இருந்தது, நடுவில் இருந்ததெல்லாம் வேறு. அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் நான் குறுக்கே விழுந்து, நாங்கள் ஒன்றையும் கற்பனையில் போடவில்லை, சனங்கள் தாங்களே சொன்னதைத்தான் போட்டோம் என்றேன்.

"ஓம், எனக்கும் ஒரு பிள்ளை எடுத்துக் கேட்டவள்," என்றாள். "இந்தியாப் பிள்ளை. நல்ல பிள்ளை, மரியாதையாய்க் கதைச்சவள்."

அந்தப் பதில்களில் பெயர் இருக்காது, யார் என்ன சொன்னார்கள் என்று நான் பார்க்கவும் முடியாது. ஆனால் தங்கச்சி தானாகச் சொன்னால் யார் தடுப்பது?

"வீட்டிலை எத்தினை பேர் எண்டு சொன்னனீ?"

"நாலு."

"நாலாவது ஆர்?"

கேட்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"மச்சான்ரை சம்பளத்தையும் சொன்னனியோ?"

"பின்னை? பேர்கனிலை வேலை எண்டு சொல்லிப்போட்டுச் சம்பளமில்லை எண்டு சொல்லுறதே? எனக்கு வேறை என்னண்ணா சொல்லத் தெரியும்? தமிழிலை கேக்கிறாள். இந்தியாப் பிள்ளை வேறை. புருசன் விட்டிட்டுப் போட்டான் எண்டு முன்பின் தெரியாத தமிழ்ப் பிள்ளையிட்டைச் சொல்லச் சொல்லுறியளோ?"

எனக்கு அவள்மீது கோபமே வரவில்லை. என்மீதுதான் வந்தது. நாற்பது வருடமாகத் தமிழனாக இருக்கிறேன், இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இந்த நாட்டில் யாருடைய வருமானத்தையும் யாரும் வரிப்பட்டியலில் தேடிப் பார்க்கலாம். தேடியவர் யார் என்பதும் தேடப்பட்டவருக்குத் தெரியவரும் என்பதால் எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. ஒருவர் மற்றவரிடம் சொல்கிற கதைதான் எங்களுக்கு வரிப்பட்டியல். அந்தக் கதையில் யாருக்கும் வேலை போயிருக்காது, எந்த மகனும் வீட்டை விட்டுப் போயிருக்கமாட்டான், எல்லா மருமகளுக்கும் பெரிய வேலை. அந்தக் கதையை நல்ல தமிழில் கேட்டு வாங்குவதற்கு நான் ஒரு ஆளையும் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வீட்டின் பதிலால் இடையம் அசையாது. தங்கச்சி வீடு மட்டும் என்றால் அது சாப்பாட்டு வரிசையில் ஒருவர் இடம் மாறி நின்ற மாதிரி. ஆனால் மறுநாள் நானும் சென்னைப் பெண்ணும் இருந்து தமிழ் அழைப்புகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, வரிசையே பின்பக்கமாக நகர்ந்திருந்தது. பதிவேட்டில் மூன்று பேர் இருந்த வீடுகளில் ஐந்து பேர். கலியாணம் கட்டித் தனியாகப் போன பிள்ளைகள் சம்பளத்தோடு திரும்பி வந்து இருந்தார்கள். பதிவேடு பழையது, போன் பதில் புதியது என்று எங்கள் கணக்கு முறை போன் பதிலையே நம்பியது. பிரிந்த தம்பதிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள் என்று அது பாட்டுக்கு முடிவெடுத்திருந்தது. போனை எடுத்தவர்களும் அதிகம் எங்கள் ஆட்கள்தான் என்பதால் முழுக் குடியிருப்பையும் அவர்களே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சென்னைப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. "என்கிட்ட எல்லாரும் அவ்ளோ அன்பா பேசினாங்களே சார். எல்லாம் சும்மாவா?"

"அன்பு உண்மைதான்," என்றேன். "சம்பளம்தான் கூடிப்போச்சு."

கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சிரித்தார். "எங்க அம்மா மட்டும் என்ன சார்? நான் ஓஸ்லோல பெரிய டைரக்டர்னு அபார்ட்மெண்ட் பூரா சொல்லி வச்சிருக்காங்க."

இரண்டு பேருமாக மேலாளரிடம் போனோம். "அவர்கள் ஏன் பொய் சொன்னார்கள்?" என்று அவர் கேட்டார். பொய் என்று சொல்லக் கூடாது என்றேன். வரிக் கந்தோர் கேட்டால் ஒரு குரோனர் பிசகாமல் சொல்கிறவர்கள்தான். ஒரு தமிழாள் கேட்டால், கேட்டவருக்கு முன்னால் வீட்டை நல்லபடியாக வைத்துக் காட்டுவார்கள். அவர் கையிலிருந்த கோப்பிக் கோப்பையைப் பார்த்தார். பிறகு, "எங்கள் ஊரில் பாதிரியார் வருகிறார் என்றால் என் அம்மா அயலிலிருந்து கோப்பிக் கோப்பை இரவல் வாங்குவார்" என்றார். அதோடு விளங்கிக்கொண்டார். வரைவு திருப்பி எடுக்கப்பட்டது. தமிழில் கேட்ட வீடுகளை நோர்வே மொழியில், நோர்வேக்காரர் ஒருவரே மறுபடி கேட்பது என்று முடிவாயிற்று. என்னை அந்த வேலையிலிருந்து முழுவதுமாக விலக்கி வைத்தார். சரியான முடிவு.

தங்கச்சியிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் அது சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அவளே ஒரு சனிக்கிழமை, நான் போனபோது, கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"திரும்பவும் எடுத்தவை அண்ணா. இந்த முறை ஒரு நோர்வேஜியன். மேற்கிலை ஸ்தவாங்கர்ப் பக்கத்துப் பேச்சு, பாதி விளங்கேல்லை."

"ஓ," என்றேன்.

"மூண்டு பேர் எண்டு சொன்னனான். பிரிஞ்சிட்டம் எண்டும் சொன்னனான்." கத்தி நின்றது. "அவன் 'சரி, நன்றி' எண்டு சொல்லிப்போட்டு அடுத்த கேள்வி கேட்டான். அவ்வளவுதான் அண்ணா. அந்த மொழியிலை சொல்ல வெக்கமாயே இருக்கேல்லை. இரண்டு வருசமாய் நான் இதை உங்களைத் தவிர ஒருத்தருக்கும் வாயாலை சொன்னதில்லை."

புதிய எண் வந்தது. பியோர்ண்டால் தன் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து அமைதியாக நின்றது. பிள்ளைகளின் பின்னேரப் பராமரிப்பு இலவசமாகவே தொடர்ந்தது. தன் சனம் நினைத்த அளவுக்குப் பணக்காரர் இல்லை என்று தெரிந்த சந்தோசத்தில் குறொன்லாண்டில் இனிப்புப் பெட்டி வாங்கின ஆள் ஒஸ்லோவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். சென்னைப் பெண்ணுக்கு ஒரு பெட்டி, தங்கச்சிக்கு ஒரு பெட்டி. தங்கச்சி அந்த விசரனை மன்னித்துவிட்டதாக அறிவித்து, இரண்டு லட்டைத் தானே எடுத்துக்கொண்டாள்.

அது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் கதைக்கிற நாள். வழக்கமாக அழைப்பதற்கு முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு ஒத்திகை நடக்கும். அப்பா எங்கே என்று கேட்டால் வேலை என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் பேர்கன் கதைதான். அது எனக்குப் பிடிக்காத ஒத்திகை. ஆனால் நானும் அந்தக் கதையைக் காப்பாற்றினவன்தான், வாய் திறக்க முடியாது. அன்றைக்குத் தங்கச்சி பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. கையைத் துடைத்துவிட்டுப் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து நேரே அழுத்திவிட்டாள்.

அம்மா வழக்கம்போல் நெற்றியும் மின்விசிறியுமாகத் திரையில் வந்தார்.

"மருமோன் பேர்கனாலை வந்திட்டாரோ பிள்ளை?"

"அம்மா, அவர் பேர்கனிலை இல்லை," என்றாள் தங்கச்சி. "நாங்கள் பிரிஞ்சு இரண்டு வருசம். இஞ்சை நானும் பிள்ளையளும்தான், மூண்டு பேர். உங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டன்."

நான் எட்டிப் பார்த்தேன். அம்மா போனைக் கீழே இறக்கியிருந்தார், இப்போது முழு முகமும் தெரிந்தது.

"கொண்ணனுக்குத் தெரியுமோ?"

"ஓம். பக்கத்திலைதான் நிக்கிறார்."

"அவன்ரை கதை பிறகு," என்றார் அம்மா. நான் ஒரு அடி பின்னால் போனேன். "நீ சொல்லு. அவரின்ரை சம்பளம் இல்லாமல் உங்களுக்கு வீட்டுச் செலவுக்குக் காணுதோ?"

தங்கச்சி மனதுக்குள் கணக்குப் போட்டாள். இருபது வருடமாக வீடு வீடாக வருமானம் கேட்கிற என் தொழிலில் யாரும் ஒரு கேள்விக்கு இப்படி யோசித்துப் பதில் சொல்லி நான் கண்டதில்லை. வீட்டு வாடகை, பஸ் காசு, பிள்ளைகளின் குளிர்ச் சப்பாத்து எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காணுது அம்மா."

"உண்மையாயோ?"

"உண்மையாய். மிச்சம் பிடிக்க ஏலாது. ஆனால் காணுது."

"அப்ப சரி," என்றார் அம்மா. "பிள்ளையளைக் கூப்பிடு."

தங்கச்சி கூப்பிட்டாள். இரண்டு பேரும் லட்டுக் கையோடு ஓடிவந்து திரைக்கு முன்னால் இடிபட்டார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு ஒருவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.